நிறத்துக்கு ஒரு மாத்திரை

வளைகாப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தமயந்தியை யாரும் பார்க்கவில்லை. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் ஏறியிருந்தது. கன்னத்தில் பூசிய சந்தனம் காய்ந்து தோலை இழுத்தது. ஏழு மாத வயிற்றின்மேல் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதன் பெயர் கருச்செவி.

இந்தக் காலத்து வளைகாப்பில் பூ அலங்காரத்துக்கு ஒரு ஆள், போட்டோவுக்கு ஒரு ஆள், கருச்செவிக்கு ஒரு ஆள் என்று ஆகிவிட்டது. பெல்ட்டைக் கட்டினால் உள்ளே இருக்கும் பிள்ளை பக்கத்துத் திரையில் தெரியும். சுற்றி நிற்கும் பெண்கள் வளையலைக் குலுக்குவார்கள். சத்தம் காதில் விழுந்ததும் பிள்ளை இமையைச் சுருக்கும், கையைத் தூக்கும், மண்டபமே கைதட்டும். வயிற்றுப் பிள்ளைக்கு வளையல் சத்தம் கேட்க வேண்டும் என்றுதானே இத்தனை வளையலும் அடுக்குகிறோம், கேட்டதா என்று கண்ணாலேயே பார்த்துவிடுவோமே என்று எந்தப் புண்ணியவானோ யோசித்திருக்கிறான். ஏழு வகைச் சாதத்தில் இரண்டைக் குறைத்தாலும் குறைப்பார்களே தவிர, திருச்சியில் இப்போது கருச்செவி இல்லாமல் வளைகாப்பு நடத்த ஒருத்தருக்கும் மனசு வராது.

"இன்னொரு தடவை குலுக்குங்க ஆன்ட்டி. நல்லா சத்தமா" என்றாள் ஜெனிட்டா. கருச்செவியைக் கொண்டுவந்த பெண் அவள்தான்.

குலுக்கினார்கள். திரையில் பிள்ளை கட்டை விரலை வாயில் வைத்தபடி அப்படியே கிடந்தது.

"தூங்குது போல" என்றார் ஒரு சித்தி.

"அப்பனை மாதிரி. பரிதியை எழுப்பி ஸ்கூலுக்கு அனுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார் மாமியார் சுலோச்சனா. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் யாரோ தாம்பாளத்தில் கரண்டியால் ஓங்கித் தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த கைக்குழந்தை ஒன்று வீல் என்று அலறியது. திரையில் இருந்த பிள்ளை விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, நிதானமாக மறுபடி வைத்துக்கொண்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பெல்ட்டை அவிழ்க்கும்போது ஜெனிட்டா குனிந்து, "அக்கா, எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. பயப்பட ஒண்ணும் இல்ல" என்றாள். பயப்பட ஏதாவது இருக்கும்போதுதான் அப்படிச் சொல்வார்கள். தமயந்திக்குக் காரணம் தெரியும். தெரியும் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தாள்.

காரணத்தின் பெயர் பால்நிலா. நிறத்துக்குப் போடுகிற மாத்திரை. ஐந்து மாதத்துக்கு முன், வேலை பார்க்கும் மாநகராட்சி அலுவலகத்துக்கு நாலு தெரு தள்ளி, தெரிந்தவர்கள் வராத ஒரு மருந்துக்கடையாகப் பார்த்துப் போய் வாங்கினாள். ஊருக்கெல்லாம் குடிநீர்க் குழாய் பதிக்கத் திட்டம் போடுகிற பொறியாளர், கடைக்காரனிடம் கேட்டதைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

"இது நெஜமாவே வேலை செய்யுமா? இந்த மாதிரி நெறைய வந்துச்சே."

"பழசெல்லாம் சும்மா மேடம். வயித்துக்குள்ள போனதும் சோறு செரிக்கிற மாதிரி செரிச்சுப் போயிடும். தோலுக்குப் போய்ச் சேரவே சேராது. இது கொழுப்பு உறையில சுத்தி வருது. வயித்துகிட்ட மாட்டாம ரத்தத்துல கலந்துடும். மூணு மாசம் போட்டுப் பாருங்க, நீங்களே சொல்வீங்க."

"வயித்துல பிள்ளை இருந்தா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "போடக்கூடாதுன்னுதான் அட்டையில எழுதியிருக்கு. ஆனா வாங்கறவங்கள்ல பாதிப் பேர் மாசமா இருக்கறவங்கதான். முன்னல்லாம் குங்குமப்பூ கேப்பாங்க. இப்ப இது" என்றான். பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணும் அதையே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அது போதாதா ஒருத்திக்குத் துணிச்சல் வர? தமயந்தி தினம் ஒன்று போட ஆரம்பித்தாள்.

வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். மூன்றாவது மாதம் புறங்கை வெளுத்தது. நாலாவது மாதம் கழுத்து. "பிள்ளை வந்ததும் என்னமா நிறம் வந்திருக்கு பாரு" என்று அலுவலகத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார மறுத்த பிள்ளைகள், முகத்துக்கு நேராகவே தங்கையைக் கேட்டுவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் என்று முப்பது வருஷமாக மனசில் தங்கிப்போனவர்கள் எல்லோரையும் ஒரே நாளில் கூட்டிவைத்துக் கையைக் காட்ட வேண்டும் போல இருந்தது. தனக்கு வெளுக்கிறது என்றால் உள்ளே இருக்கிற பிள்ளைக்கும் வெளுக்கும். அந்தப் பிள்ளை இதையெல்லாம் படவேண்டாம். அவள் நினைத்தது அவ்வளவுதான்.

இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதுதான் பெரிய இடி. வேறு ஏதாவது வீடாக இருந்தால் மாமியாரே மாத்திரையை வாங்கித் தந்திருப்பார். சுலோச்சனா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்டு விழா நாடகத்தில் ஒரு பெண் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வந்தாள் என்று மேடைக்குப் பின்னாலேயே கழுவவைத்தவர். கணவன் இளம்பரிதி கல்லூரிப் பேராசிரியர், ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற பேச்சாளன். நிறத்தைப் பற்றி அவன் பேசிய ஒரு பேச்சை லட்சக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஓர் இடத்தில், "என் மனைவியைப் பாருங்கள்!" என்று முன்வரிசையைக் கைகாட்டுவான். அன்றைக்கு அரங்கமே திரும்பிப் பார்த்தது. தமயந்தி சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். கைதட்டல் முடிவதற்குள் பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. நிறம் ஒரு பொருட்டே இல்லை என்று சட்டம் போட்ட வீட்டில், அது தனக்குப் பெரும் பாரமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வளைகாப்பு முடிந்த அன்று சாயங்காலமே மிச்சம் இருந்த மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தொடவில்லை. மருத்துவமனையில் தேதி கிடைக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் அவள் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது. குக்கர் விசில் அடிக்கும்போது அடுப்படியில் போய் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். எவர்சில்வர் டம்ளரைத் தெரியாமல் போட்டதுபோலக் கீழே போடுவாள். ஒருநாள் உதை விழும். ஐயோ கேட்டுவிட்டது என்று கண்ணில் நீர் முட்டும். மறுபடி டம்ளரைப் போட்டால் ஒன்றும் இருக்காது. சும்மா இருக்கும்போது பிள்ளை பாட்டுக்கு உதைக்கும். எது சத்தத்துக்கு உதைத்தது, எது தானாக உதைத்தது என்று எப்படிப் பிரிப்பது?

"என்னம்மா இது, தினம் ஒரு டம்ளரை நசுக்கறே?" என்றார் சுலோச்சனா. குரலில் கிண்டல் இருந்தாலும் முகம் வெளிறித்தான் இருந்தது. அவரும் அந்தத் திரையைப் பார்த்தவர்தான். எப்போதும்போலச் சாயங்காலம் பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்து, அவள் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். காலையில் இளம்பரிதி மாத்திரை டப்பாவைத் திறந்து இரும்புச் சத்து, கால்சியம் என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்துவிட்டுத்தான் கல்லூரிக்குக் கிளம்புவான். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு நான் என்ன துரோகம் செய்துவிட்டேன் என்று தமயந்தி நினைத்துக்கொள்வாள். டம்ளரைக் காலி செய்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மருத்துவமனையில் முதல் நாள் ரத்தம் எடுத்து, ஏதேதோ கருவிகளில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். மறுநாள் டாக்டர் நிலோஃபர் வரச்சொன்னார். கருவில் இருக்கும் குழந்தைகளைப் பார்ப்பதற்கென்றே படித்தவர், ஐம்பது வயது இருக்கும். கணவனும் மாமியாரும் கூட வர, மூன்று பேரும் உள்ளே போனதும் தமயந்தியைப் பார்த்து, "நாம கொஞ்சம் தனியாப் பேசலாமா?" என்றார்.

"எங்க வீட்ல ஒளிவுமறைவெல்லாம் கிடையாது டாக்டர். எதுவா இருந்தாலும் எங்க முன்னாடியே சொல்லுங்க" என்றார் சுலோச்சனா. வெளியே போங்கள் என்று தமயந்தி எப்படிச் சொல்வாள்? சொன்னாலே பாதி ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. தலையை ஆட்டினாள்.

"காது உருவத்துல ஒரு குறையும் இல்லை. நரம்பும் நல்லா இருக்கு. ஆனா சத்தம் குடுத்தா ஒரு அசைவும் இல்லை" என்றார் டாக்டர். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல, "வீட்ல யாராவது நிறத்துக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

இளம்பரிதி நாற்காலியில் நிமிர்ந்தான். "எங்களைப் பார்த்தா டாக்டர் இந்தக் கேள்வி? நான் இதை எதிர்த்து ஊர் ஊராப் பேசறவன்."

"கேட்டிருக்கேன் சார். நல்லாப் பேசறீங்க. ஆனா இவங்க ரத்தம் வேற மாதிரிச் சொல்லுதே."

"நிறத்து மாத்திரைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் சுலோச்சனா. கேள்வி முடிவதற்குள் குரல் கம்மியது.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நிறம் கொடுக்கற செல் தோல்ல மட்டும்தான் இருக்குன்னு நினைக்கறோம். அப்படி இல்லை. காதுக்குள்ள ஆழத்துலயும் இருக்கு. அங்க அதோட வேலை வேற. கேக்கறதுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சேத்து வெக்கறதே அதுதான். முந்தி இருந்த மாத்திரையெல்லாம் வயித்தோட போச்சு, நல்லதும் பண்ணலை, கெட்டதும் பண்ணலை. இந்தப் புது மாத்திரை நெஜமாவே வேலை செய்யுது. அதுதான் வினை. தோலு எது, காது எதுன்னு அதுக்குத் தெரியாது. அந்த செல்லை எங்க பார்த்தாலும் தூங்கவெச்சிடும்."

இப்போது சொல்லவில்லை என்றால் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று தமயந்திக்குத் தெரிந்தது.

"நான்தான் சாப்பிட்டேன்" என்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ரெண்டாவது மாசத்துலேருந்து. தினம் ஒண்ணு. வளைகாப்பு அன்னிக்கே நிறுத்திட்டேன் டாக்டர். பத்து நாளாத் தொடலை."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. கணவனும் மாமியாரும் வாயே திறக்கவில்லை.

டாக்டர்தான் பேசினார். "நிறுத்தலை நீங்க."

"சத்தியமா நிறுத்திட்டேன்."

"இது உடம்புல மூணு நாளுக்கு மேல தங்காதும்மா. நேத்து எடுத்த ரத்தத்துல நெறைய இருக்கு. தினம் ஒண்ணு போட்ட அம்மாக்களை நான் பார்த்திருக்கேன், ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. அந்த அளவை நஞ்சுக்கொடி தடுத்துடுது. அந்தக் குழந்தைங்களுக்கெல்லாம் காது நல்லாக் கேக்குது. தினம் ஒண்ணு போடறவங்களுக்கு இருக்கறதைவிட உங்க ரத்தத்துல அதிகமா இருக்கு. அதுவும் நீங்க நிறுத்தினதாச் சொன்ன பிறகு. முந்தி எவ்வளவு இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

"நான் எதுவும் சாப்பிடலை!" கத்தியேவிட்டாள். கண்ணில் நீர் கொட்டியது. "பிள்ளை விஷயத்துல நான் ஏன் டாக்டர் பொய் சொல்லப்போறேன்?"

"உங்களைக் குத்தம் சொல்லக் கேக்கலை. தூங்கற செல் முழிச்சுக்க இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. அதுக்குப் பிறகு முழிக்காது. எந்த வழியா உள்ள போகுதுன்னு தெரியாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அத்தனை வழியையும் அடைக்கணும்."

"பால்ல" என்று ஒரு குரல் கேட்டது.

மைக் இல்லாமலே பள்ளிக்கூட மைதானம் முழுக்கக் கேட்கும் குரல் சுலோச்சனாவுக்கு. இப்போது பக்கத்து நாற்காலிக்கே எட்டவில்லை. டாக்டர் மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

"சாயங்காலப் பால்ல பொடிச்சுப் போட்டேன். அவளுக்குத் தெரியாது." அவர் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். "நான் கறுப்புன்னு என் மாமியார் என்னைக் கல்யாணப் பந்தியிலேயே எழுந்திரிக்கச் சொன்னாங்க டாக்டர். பின்வரிசையில போய் உக்காரச் சொன்னாங்க. நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. இவன்கிட்டகூட."

தமயந்திக்கு முதலில் வந்தது ஆறுதல்தான். நான் மட்டும் இல்லை, இவரும்தான் என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது. அடுத்த கணமே சுருக்கென்றது. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தபடி பாலைக் குடிக்கவைத்தாரே, அப்போதெல்லாம் இவரும் என் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா? பொறுப்பாகக் காலி செய்த ஒவ்வொரு டம்ளரும் ஞாபகத்துக்கு வந்தது.

டாக்டர் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "கொதிக்கிற பால்ல போட்டா பாதி வீரியம் போயிடும். கணக்கு இன்னும் இடிக்குது. வேற என்ன சாப்பிடறீங்க? வெளியிலேருந்து வர்றது, யாராவது செஞ்சு அனுப்பறது?"

தமயந்திக்குச் சட்டென்று பிறந்த வீடு ஞாபகம் வந்தது. "எங்க அம்மா லேகியம் கிண்டி அனுப்பறாங்க. வாரா வாரம்." அம்மாவுமா? பெண்ணின் நிறத்துக்காக அதிகம் அழுதவள் அவள்தானே. செய்யக்கூடியவள்தான். கைப்பையில் துழாவி போனை எடுத்தாள். "அம்மாவா இருந்தா இப்பவே கேட்டுடறேன். அவங்களை நான்..."

"கூப்பிடாதே, தமா" என்றான் இளம்பரிதி.

அவன் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரமாகவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"உங்க அம்மா இல்லை. பாவம், அவங்களைக் கேக்காதே." படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலையில நான் குடுக்கறது... அது கால்சியம் இல்லை. வேற கம்பெனி நிறத்து மாத்திரை."

போன் தமயந்தியின் கையிலேயே இருந்தது. அம்மாவின் எண்ணைத் தொட்டிருக்கவில்லை என்பதை இரண்டு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டாள். அம்மாவின் மேல் இவ்வளவு சீக்கிரம் பழியைப் போட்டோமே என்று வெட்கமாக இருந்தது. கணவனைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"அன்னிக்கு மேடையிலேருந்து உன் முகத்தைப் பார்த்தேன். நீ சிரிச்சே. ஆனா நீ சிரிக்கலைன்னு எனக்குத் தெரிஞ்சுது. நம்ம பிள்ளையும் ஒருநாள் அப்படி உக்காந்து சிரிக்கணுமான்னு இருந்துச்சு. அதான்" என்றான். பிறகு, "மேடையில பேசறது எல்லாம் நெஜந்தான் தமா. நான் பொய் பேசலை. ஆனா நம்ம பிள்ளைன்னு வந்தப்போ என்னால முடியலை" என்றான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ என்னைப் பத்தி என்ன நினைப்பேன்னு பயமா இருந்துச்சு."

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அதே நேரம் சிரிப்பும் வந்துவிடும் போல இருந்தது. அவளும் அதற்குத்தானே பயந்தாள்? அத்தையும் அதற்குத்தானே பயந்தார்? இந்த மூன்று பேரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறந்து, எனக்குக் கவலையாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். மிஞ்சிப்போனால் ஒரு நாள் சண்டை நடந்திருக்கும். பிள்ளைக்குக் காது கேட்டிருக்கும்.

டாக்டர் நிலோஃபர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபிப்பதில் பிரயோஜனம் இல்லை என்று பழகிப்போனவர்போல இருந்தார். "சரி, இப்பக் கணக்கு வந்துடுச்சு. இன்னிலேருந்து சோறு, குழம்பு, காய், தண்ணி. மாத்திரை எதுவா இருந்தாலும் எங்க நர்ஸ் கையால வாங்கி இங்கயே போட்டுக்கணும். லேகியமும் வேண்டாம். பாலை நீங்களே காய்ச்சிக் குடிங்க."

கடைசி வாக்கியத்தைக் கேட்டு சுலோச்சனா தலையைக் குனிந்துகொண்டார்.

"காது திரும்புமா டாக்டர்?" என்று கேட்டாள் தமயந்தி.

"திரும்பலாம். முழுசா வரலாம், பாதி வரலாம். வராமலும் போகலாம். நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நல்ல நேரத்துல சொன்னீங்க. இன்னும் ஒரு மாசம் மூணு பேரும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் உங்ககிட்ட இதைக்கூடச் சொல்லியிருக்க முடியாது. அடுத்த வாரம் மறுபடி பார்ப்போம்."

மூன்று பேரும் எழுந்தார்கள். இளம்பரிதி பழக்கத்தில் கையை நீட்டினான். தமயந்தி அதைப் பிடிக்காமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து கதவுவரை நடந்தாள். வெளியே தாழ்வாரத்தில் வயிறும் பிள்ளையுமாக நிறையப் பேர் காத்திருந்தார்கள். யாரோ ஒருத்தியின் கை நிறைய வளையல் குலுங்கியது.

சுலோச்சனா மட்டும் மேசையை விட்டு நகரவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றார். "இவ்வளவு உள்ள போயிருக்கே... அப்போ, குழந்தை செவப்பாப் பொறக்குமா?"

தமயந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அத்தை என்று ஒரே கத்தாகக் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். இளம்பரிதியும் கதவைப் பிடித்தபடி திரும்பி நின்றான். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தமயந்தி திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கும் பதில் தெரிய வேண்டியிருந்தது.